மற்ற உட்பிரிவுகள் தாமே விளங்கும்

என் அன்பு அப்பா, என் அருமைப் பொய்சாட்சியே,

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களை இப்படிக் கூப்பிட இந்த மலையில் எனக்கு மட்டும்தான் உரிமை இருக்கிறது. அந்த உரிமையை வைத்துக்கொண்டு ஒரு வருஷமாகச் சும்மா இருந்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வருஷப் பூசை. அம்மா கல்லறைக்கு வெள்ளையடித்துவிட்டாள். ஃபிளெக்ஸ் வைக்கலாம் என்று பஜாரில் பேசிக்கொள்கிறார்கள். அதற்கு எந்தப் போட்டோ கொடுப்பது என்று அம்மா கேட்டாள். கோர்ட்டுக்குப் போட்டுக்கொண்டு போன அந்த வெள்ளைச் சட்டைப் போட்டோவைக் கொடு, அதில்தான் அப்பா லட்சணமாக இருக்கிறார் என்று சொன்னேன். நான் சொன்னதன் அர்த்தம் அவளுக்குப் புரிந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்தக் கடிதத்தை இப்போது எழுத வைத்தது ஒரு பிள்ளை. காந்தலூர்க்காரி, லா காலேஜில் எனக்கு இரண்டு வருஷம் ஜூனியர், நம்மைப் போலவே தமிழ் வீட்டுப் பிள்ளை. கேன்டீனில் வந்து என் எதிரே உட்கார்ந்து, "எவிடன்ஸுக்கு எந்த புக்குக்கா வாங்க?" என்று கேட்டாள். சாட்சியச் சட்டத்தில் எங்கள் வகுப்பில் அதிக மார்க் எனக்குத்தான். அதனால் என்னிடம் கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். எந்தப் புத்தகம் என்று எனக்கு நன்றாகத் தெரியும் அப்பா. எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லாமல் அந்தப் பதிலைச் சொல்ல முடியவில்லை. அவளும் இதைப் படிக்கட்டும். நீங்களும் கேளுங்கள்.

உங்களைத் தெரியாதவர்களுக்கு முதலில் உங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். போடிமெட்டிலிருந்து கேரளப் பக்கம் இறங்கும் ரோட்டில் நம் பஜார். அங்கே டீக்கடை, கடைக்கு நேர் எதிரே போலீஸ் ஸ்டேஷன். காலையில் நீங்கள் டீ ஆற்றுவீர்கள், மத்தியானம் வடை போடுவீர்கள், நடுநடுவே சாட்சியாக இருப்பீர்கள். எங்காவது ஒரு பொருளைக் கைப்பற்றினால் போலீஸ் அந்த இடத்திலேயே மகஸர் என்று ஒரு காகிதம் எழுத வேண்டும். இன்ன இடத்தில் இன்ன பொருள் இருந்தது, நாங்களும் பார்த்தோம் என்று வெளியாட்கள் இரண்டு பேர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். காடு மேடெல்லாம் ஏறி வர யாருக்கு நேரம் இருக்கிறது? போலீஸ்காரர் ரோட்டைத் தாண்டி வந்து, "சூசேட்டா, ஒரு ஒப்பு" என்பார். நீங்கள் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, பலகாரக் கண்ணாடிப் பெட்டியின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுபடி வடையைத் திருப்பப் போய்விடுவீர்கள்.

காகிதம் முழுக்க மலையாளம். நீங்கள் மலையாளம் பேசினால் அவர்களே அசந்துபோவார்கள், ஆனால் ஓரெழுத்து வாசிக்கத் தெரியாது. அதன் கடைசி வரியில், இதை வாசித்துக் கேட்டேன், சரி என்று எழுதியிருக்கும். அந்த வரிக்குக் கீழே நீங்கள் தமிழில் ம. சூசை என்று அழகாகப் போடுவீர்கள். சின்ன வயதில் நான் உங்களை ஏதோ ஒரு பெரிய ஆபீசர் என்று நினைத்திருந்தேன். ரோட்டோரப் புறம்போக்கில் இருந்த கடைகளையெல்லாம் பிடுங்கியபோது நம் கடை மட்டும் நின்றது. அது அந்தோணியார் புண்ணியம் என்று அம்மா சொன்னாள். அந்தோணியாருக்கும் ஸ்டேஷனுக்கும் அப்படி ஒரு பழக்கம்.

அப்புறம் முருகையா மாமா. நம் லயத்தில், அந்த எஸ்டேட் வரிசை வீடுகளில், மூன்றாவது வீடு, ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. அவர் வீட்டுக்குப் பின்னால் விறகுக்கு அடியில் ஓர் உரப்பை மூட்டை, உள்ளே கஞ்சா. எடுத்தபோது பக்கத்தில் நின்று பார்த்தவர், டீக்கடை சூசை. மாமா தனக்கு எதுவும் தெரியாது என்று ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே மாதிரிதான் சொன்னார். கூட ஒப்புப் போட்ட இன்னொருவர் கோர்ட்டில் பின்வாங்கிவிட்டார். நீங்கள் பின்வாங்கவில்லை. பத்து வருஷம் போட்டார்கள்.

நீங்கள் சாட்சி சொன்ன அன்று நானும் வந்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் மூட்டை என்ன நிறம் என்றார், வெள்ளை என்றீர்கள். விறகு எந்தப் பக்கம் என்றார், வடக்கே என்றீர்கள். மலையாளம் வாசிக்கத் தெரியுமா என்றார், தெரியும் என்றீர்கள். அந்த மனிதர் மகஸரை உங்கள் கையில் கொடுத்து, எங்கே வாசியுங்கள் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முருகையா மாமா அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்திருப்பார். அவர் சொல்லவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து, என் அப்பா எவ்வளவு தைரியமாக நிற்கிறார் என்று பூரித்துப்போனேன். வக்கீலுக்குப் படிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். ஓரெழுத்தும் வாசிக்கத் தெரியாத மொழியை வாசிக்கத் தெரியும் என்று நீங்கள் சொன்ன அந்த நிமிஷத்தில்.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன்.

காலேஜில் சாட்சியச் சட்டம் ஆரம்பித்தபோது புத்தகக் கடைக்குப் போனேன். சட்டம் புதிதாக மாறியிருந்த சமயம், பிரிவு எண்கள் எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பாஸாகணுமா, படிக்கணுமா என்று மலையாளத்தில் கேட்டார். பாஸானால் போதும் என்றேன். ஒரு கைடை எடுத்துப் போட்டார். எட்டணா நோட்டு மாதிரி ஒல்லி, பெரிய எழுத்து, பரீட்சைக்கு வருகிற இடத்தில் எல்லாம் நட்சத்திரம். இறந்துபோனவர்கள் சொல்லிவிட்டுப் போன பேச்சு எப்போது சாட்சியமாகும் என்று ஒரு பிரிவு உண்டு. பழைய சட்டத்தில் முப்பத்திரண்டு, புதியதில் இருபத்தாறு. அதில் மரண வாக்குமூலத்துக்கு மட்டும் மூன்று நட்சத்திரம், நாலு பக்கம். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: மற்ற உட்பிரிவுகள் தாமே விளங்கும். அந்த வரியை நான் ஒரு முறை படித்தேன். எனக்கு எதுவும் விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் பரவாயில்லை என்றுதானே அதற்கு அர்த்தம். பக்கத்தைப் புரட்டினேன்.

அந்த மாதம்தான் நீங்கள் மளிகைச் சாமான் எடுக்கப் போடிக்குப் போய்விட்டு, சாமானோடு ஒரு தடித்த புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டதாம். தமிழில் எழுதிய சாட்சியச் சட்டப் புத்தகம். அட்டை கிழிந்திருந்தது, முதல் பக்கத்தில் யாரோ ஒரு வக்கீலின் ரப்பர் ஸ்டாம்ப். பிள்ளைக்கு உதவும் என்று வாங்கினேன் என்றீர்கள். நான் என்ன சொன்னேன் என்பதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் சாட்சி சொல்பவள் தனக்கு வசதியானதை மட்டும் சொல்லக் கூடாது.

"அப்பா, இது செத்துப்போன சட்டம். நான் எழுதப்போறது இங்கிலீசுல. இதை வச்சு வடை மடிங்க."

சிரித்துக்கொண்டு புத்தகத்தைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். அதைப் பற்றி அப்புறம் நான் கேட்கவும் இல்லை. கூட்டம் இல்லாத நேரத்தில் நீங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருப்பதாக அம்மா ஒரு முறை சொன்னாள். பேப்பராக இருக்கும் என்று நினைத்தேன்.

விறகுப் புகையில் நுரையீரல் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோது பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா கஞ்சி வாங்கப் போயிருந்தாள். மத்தியானம், வெயில் நன்றாக இருந்தது. நீங்கள் என் பக்கம் திரும்பி, "ஜெசி, ஒரு காரியம் சொல்லணும், எழுதிக்கிறியா" என்றீர்கள். என் கையில் பென்சில் இருந்தது. மடியில் கைடு இருந்தது.

"அந்த மூட்டைய நான் பாக்கலத்தா. வடைச் சட்டிகிட்ட நின்னுதான் கையெழுத்துப் போட்டேன்."

மூச்சு வாங்கிக்கொண்டீர்கள். அப்புறம், முருகையா வீட்டுப் பக்கமே நான் போகவில்லை, அது நிஜமாக எங்கே கிடந்தது என்றால், என்று ஆரம்பித்தீர்கள். நான் குறுக்கே விழுந்தேன். எனக்கு மூன்று நட்சத்திரப் பாடம் மனப்பாடமாக இருந்ததல்லவா? சாகிறவர் தன் சாவுக்குக் காரணம் என்ன என்று சொன்னால்தான் கோர்ட்டில் எடுபடும், மற்றபடி செத்தவர் பேச்சு காற்றோடு போன பேச்சு என்று பரீட்சைக்கு எழுதுகிற மாதிரியே ஒப்பித்தேன். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. உங்களைப் பார்த்து, "நீங்க ஒண்ணும் கொலையாகிச் சாகலயேப்பா" என்றேன்.

உங்கள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கோர்ட்டில் நின்ற அதே முகம். "அப்ப மத்தது?" என்று கேட்டீர்கள்.

மத்ததெல்லாம் பரீட்சைக்கு வராதுப்பா என்றேன்.

"நீ படிச்சவ. சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். நான் பென்சிலால் கைடில் அடிக்கோடு போட்டேன். நீங்கள் பேசி நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். மறுநாள் பங்குச் சாமியார் வந்து, நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில் பூசுதல் கொடுத்தார். எங்களை வெளியே நிற்கச் சொன்னார், ரொம்ப நேரம் உள்ளே இருந்தார். அதற்கு மறுநாள் நீங்கள் இல்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் பரீட்சை எழுதினேன். மரண வாக்குமூலம் பற்றி விரிவாக எழுதுக என்று வந்திருந்தது. மழை மாதிரிக் கொட்டினேன் அப்பா. வகுப்பிலேயே அதிக மார்க். கைடு சொன்ன வாக்கை ஒழுங்காகக் காப்பாற்றியது. அதன்மேல் நான் குறை சொல்ல முடியாது. பாஸானால் போதும் என்று கேட்டேன், பாஸாக்கிவிட்டது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அம்மா கடையைத் திறந்தாள். இரண்டு வாரம் கழித்து நான் வந்து உதவிக்கு நின்றேன். எதிரே ஸ்டேஷனுக்கு வடை பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள். எதை வைத்து மடிக்கிறாள் என்று பார்த்தால் உங்கள் சாட்சியச் சட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவள், வடை மடிங்க என்று நான் சொன்னதை மட்டும் காதில் வாங்கியிருக்கிறாள். முதல் அத்தியாயங்கள் போயே போய்விட்டன. போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று சொல்லும் பக்கங்கள் எண்ணெயில் ஊறி, தினம் நாலு வடையோடு போலீஸ் ஸ்டேஷனுக்கே போயிருக்கின்றன. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மிச்சப் புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கினேன். முப்பத்தொன்றாம் பிரிவு வரைக்கும் கிழிந்திருந்தது. இன்னும் ஒரு பார்சல் கட்டியிருந்தால் முப்பத்திரண்டும் போயிருக்கும்.

அந்தப் பக்கத்தில் உங்கள் பேனா. மகஸரில் கையெழுத்துப் போடும் அதே நீல மை. மரண வாக்குமூலத்தை நீங்கள் தொடவே இல்லை. மூன்றாவது உட்பிரிவுக்கு அடியில் கோடு போட்டிருந்தீர்கள். நின்றபடியே படித்தேன். இறந்துபோன ஒருவர் உயிரோடு இருந்தபோது தனக்கே கெடுதலாக ஒன்றைச் சொல்லியிருந்து, அது நிஜமாக இருந்தால் அவர்மேலேயே கிரிமினல் கேஸ் வந்திருக்கும் என்றால், எழுதிக் கொடுத்ததோ வாயால் சொன்னதோ எதுவானாலும், அந்தப் பேச்சைக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ள யாரும் பொய் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் காரணம் என்று கீழே விளக்கமும் இருந்தது. ஒரு வாசகனை உட்காரவைத்துப் பேசுகிற மாதிரி, உதாரணத்தோடு, எளிய தமிழில். ஓரத்தில் உங்கள் கையெழுத்தில் இரண்டு வரி. முதல் வரி: முருகையா. இரண்டாவது வரி: ஜெசிகிட்ட கேக்கணும்.

கேட்டீர்கள். அப்ப மத்தது என்று கேட்டீர்கள். சரியான புத்தகத்தைப் படித்தது நீங்கள், தப்பான புத்தகத்தைப் படித்தது நான். கடைசியில் புத்தகத்தை நம்பாமல் பிள்ளையை நம்பினீர்களே, ஏன் அப்பா? வாழ்நாள் முழுக்க வாசிக்காமலே கையெழுத்துப் போட்ட மனிதர், ஒரே ஒரு முறை வாசித்துப் பார்த்தீர்கள். அதையும் நான் கெடுத்தேன்.

பல மாதம் அதை யாரிடமும் காட்டாமல் வைத்திருந்துவிட்டு, போன மாதம்தான் முருகையா மாமாவின் அப்பீலை நடத்தும் வக்கீலம்மாவைப் பார்க்க எர்ணாகுளத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வருஷம் கழித்து வந்து சொல்கிறாயே என்று அவர் கேட்கவில்லை, ஆனால் காலண்டரைப் பார்த்தார். கிழிந்த புத்தகத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு, இது பழைய சட்டமாயிற்றே என்று நானே மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். இந்த அப்பீல் புதிய சட்டம் வரும் முன்பே போட்டது, அப்போது நிலுவையில் இருந்த வழக்குக்குப் பழைய சட்டம்தான் பேசும், இதே பிரிவைத்தான் நான் மனுவில் எழுதப்போகிறேன் என்றார் அவர். செத்துப்போன சட்டம் என்று நான் சொன்னேனே, அது முருகையா மாமாவுக்கு மட்டும் இன்னும் சாகவில்லை. அதைக்கூட என் கைடு சொல்லித் தரவில்லை.

கூடுதல் சாட்சியம் எடுக்கச் சொல்லி மனுப் போடலாம் என்றார். ஏற்பார்கள் என்று உத்தரவாதம் தரவில்லை. உங்கள் எழுத்துதான் என்று எப்படி நிரூபிப்பது என்று கேட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் கையெழுத்து போலீஸ் தரப்பு ஃபைலிலேயே இருக்கிறதே என்றார். அப்புறம் கேட்டார், வேறு என்ன சொன்னார் உன் அப்பா? மூட்டை நிஜமாக எங்கே கிடந்தது, யாருடையது? அந்த இரண்டு வாக்கியத்தையே திரும்பச் சொன்னேன். இரண்டு வாக்கியம்தான் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அவர் பேனாவை மூடினார்.

உங்கள் மீதிப் பேச்சு சாமியாரிடம் இருக்கிறது. பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் வாயிலிருந்து யாராலும் பிடுங்க முடியாது. நான் கேட்கவும் இல்லை. கடவுளிடம் முழுவதையும் ஒப்படைத்துவிட்டு என்னிடம் இரண்டு வாக்கியத்தை விட்டுப் போயிருக்கிறீர்கள். பரலோகத்தில் உங்கள் கணக்கு நேராகியிருக்கலாம். முருகையா மாமா இருப்பது ஜெயிலில்.

பேச்சி அத்தையிடம் நானே போய்ச் சொன்னேன். முருகையா மாமாவின் பெண்டாட்டி, உங்களுக்குத் தெரியாதா என்ன. ஆறு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் காட்டு வேலை முடிந்து நம் கடைக்கு வந்து, அப்பீல் என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் போகிறவள். அவள் டீயில் மட்டும் நீங்கள் ஒரு ஸ்பூன் சீனி கூடப் போடுவீர்கள். மனசாட்சிக்கு உங்களிடம் இருந்த அளவு அந்த ஸ்பூன்தான். உங்கள் அடக்கத்துக்கு வந்து உங்கள் காலைத் தொட்டு அழுதாள். கேஸில் உங்களைத் தவிர எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள், சூசையண்ணன் மட்டும்தான் முகம் கொடுத்துப் பேசினார் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கோர்ட்டில் நீங்கள் பேசியது முழுக்க மலையாளம். என்ன சொன்னீர்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவே இல்லை.

ஏலக்காய் ஸ்டோருக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். திட்டுவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்தால் தேவலை என்றிருந்தது.

"அவுக சொல்ல வந்தாக, நீதான் சொல்ல விடல. அப்பிடித்தானத்தா?"

ஆமா அத்தை என்றேன்.

"உங்கப்பன் கோர்ட்டுல வாய் தொறந்து கெடுத்தாரு. நீ வாய மூட வச்சுக் கெடுத்த. இப்ப நீ வாயத் தொறப்பியா?"

திறப்பேன் என்றேன். அவள் நம்பவில்லை. நம் வீட்டு வார்த்தையை அவள் ஏன் நம்ப வேண்டும்? அந்தச் சனிக்கிழமை கடைக்கு வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் வீடு ரெண்டுபட்டது. "செத்த மனுசனக் கூண்டுல ஏத்தப்போறியாடி? கடை போயிரும்" என்றாள். இரண்டுமே உண்மை. கடை போகும். எதிரே இருந்து இப்போதே பார்க்கிற பார்வை மாறிவிட்டது. பார்சலும் நின்றுவிட்டது, ஒப்புக்கு நீங்கள் போனதுமே ஆட்டோ ஸ்டாண்டில் வேறு ஆள் பிடித்துவிட்டார்கள். ஆனால் நேற்று அம்மா எண்ணெய் டின்னுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்து, இதுவும் அந்தப் புத்தகத்துல உள்ளதா பாரு என்றாள். பார்த்தேன். அதில் உள்ளதுதான். எண்ணெய் ஒற்றி எடுத்து, சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லாப் பழியையும் கைடின் மேல் போட்டுவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கிறேனோ என்று எனக்கே சந்தேகம். அன்று நீங்கள் வாயைத் திறந்தபோது எனக்கு முதலில் வந்தது சட்டம் இல்லை, பயம். கூண்டில் அசையாமல் நின்ற என் அப்பா கீழே விழப்போகிறார் என்ற பயம். அதை நிறுத்த ஏதாவது ஒன்று கைக்கு வேண்டியிருந்தது, மடியில் கைடு இருந்தது. மடியில் சரியான புத்தகம் இருந்திருந்தால் உங்களைப் பேச விட்டிருப்பேனா? தெரியவில்லை அப்பா. விட்டிருப்பேன் என்று கோர்ட்டில் சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன்.

காந்தலூர்ப் பிள்ளைக்கு என் பதில் இதுதான். முதலில் வெறும் சட்டப் புத்தகத்தை வாங்கு. சட்டத்தின் வார்த்தைகளை நீயே வாசி, பக்கத்தில் எவன் என்ன சொன்னாலும் அப்புறம் கேள். அதன்பிறகு விளக்கப் புத்தகம். கடையில் நின்றபடியே, செத்தவர்கள் பேச்சைப் பற்றிய பிரிவைத் திற. எல்லா உட்பிரிவும் இருக்கிறதா பார், உதாரணங்களை விழுங்கியிருக்கிறானா பார், பழைய எண்ணும் புதிய எண்ணும் அருகருகே இருக்கிறதா பார், வழக்குகளின் பெயரை மட்டும் அடுக்காமல் என்ன நடந்தது என்று ஒரு பத்தியாவது சொல்கிறானா பார். மற்றவை தாமே விளங்கும் என்று எங்காவது எழுதியிருந்தால் அந்தப் புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு வா. உனக்குப் புரியும் மொழியில் கிடைத்தால் வெட்கப்படாமல் அதையும் வாங்கு. என் கைடு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கேட்டால்கூடத் தர மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன் வரிசையில் உட்காருவேன். உங்களைப் பற்றி நல்லது சொல்வார்கள், கேட்டுக்கொண்டிருப்பேன். திங்கட்கிழமை எர்ணாகுளம் போய் என் வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். மலையாளத்தில் தட்டச்சு செய்து வைத்திருப்பதாக வக்கீலம்மா சொன்னார். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அவர்கள் என்னைக் கூண்டில் ஏற்றினால் உங்கள் பெயரைச் சொல்வேன், பொய்சாட்சி என்று சொல்வேன், என் அப்பா என்றும் சொல்வேன். அதற்கப்புறம் அவர் என்ன சொன்னார் என்று கேட்பார்கள். சொல்ல வந்தார், நான் சொல்ல விடவில்லை என்று சொல்வேன். அதை மட்டும் யாரும் அழிக்க முடியாதபடி நிதானமாக, உரக்கச் சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு, பேச்சி அத்தைக்கும்.

நானே எழுதி, நானே வாசித்து, சரியென்று கண்டு கையெழுத்திடும்,
உங்கள் சாட்சி, உங்கள் மகள்,
சூ. ஜெசிந்தா